குதிரைக்கும் ஒரு வழி

நுழையும்முன்

சாலை அகன்றால் ஊர் வளர்ந்துவிட்டது என்பது பொதுவான எண்ணம். அகன்ற சாலையில் விரைந்து செல்வோர்க்கு இடம் உண்டு. மெல்லச் செல்வோர்க்கு எங்கே இடம்? தமிழர் வாழ்விலும் மொழியிலும் நெடுங்காலம் உடன்வந்த குதிரையை முன்னிறுத்தி இவ்வினாவை எழுப்புகிறது இக்கட்டுரை.

வேலூரிலிருந்து திருவண்ணாமலை நோக்கித் தெற்கே செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் கணியம்பாடி. சுற்றிலும் மலைகள், இடையிடையே வயல்களும் ஏரிகளும். காட்பாடியையும் விழுப்புரத்தையும் இணைக்கும் இருப்புப்பாதை இவ்வூர் வழியே செல்கிறது. இங்கிருந்து பிரியும் சாலையொன்று சவ்வாது மலையடிவாரத்து அமிர்திக் காட்டுக்கு இட்டுச்செல்கிறது. பாலாற்றுப் படுகையில் ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விசாரம், இராணிப்பேட்டை எனத் தோல் தொழில் நகரங்கள் வரிசையாக அமைந்துள்ளன. நிலம் மனையாவதும், மண்பாதை தார்ச்சாலையாவதும், மாட்டுவண்டி சென்ற இடத்தில் சரக்குந்து செல்வதும் இப்பகுதியின் அன்றாடக் காட்சிகள்.

மாற்றம் தவிர்க்க இயலாதது. பல வகையில் விரும்பத்தக்கதும்கூட. நெடுஞ்சாலையால் நோயாளி விரைவில் மருத்துவமனையை அடைகிறார். மாணவர் கல்லூரியை அடைகிறார். உழைப்பாளி வேலையிடத்தை அடைகிறார். ஆயினும், ஒவ்வொரு மாற்றத்தின்போதும் வழியிலிருந்து யாரோ விலக்கப்படுகின்றனர். முதலில் விலக்கப்பட்டது குதிரை. அதன்பின் மாட்டுவண்டி, அதன்பின் ஆட்டு மந்தை, இன்று மிதிவண்டியும் நடந்து செல்வோரும் சாலையின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டுள்ளனர். குதிரைக்கு வழி இல்லாத ஊரில், மெல்லச் செல்லும் எவர்க்கும் நாளடைவில் வழி இல்லாமற்போகும். எனவே, மாறிவரும் ஊர்களில் குதிரையையும் அது நடக்கும் மண்பாதையையும் காப்பது பழமை விரும்பிகளின் பொழுதுபோக்கு ஆகாது. பொதுவழி எவர்க்கு உரியது என்பதைத் தீர்மானிக்கும் செயல் அது.

மொழியில் ஓடும் குதிரை

பரி, புரவி, இவுளி, மா எனக் குதிரைக்குத் தமிழில் பெயர்கள் பல. போர்க்களத்தில் குதிரையின் வீரத்தைப் பாடுவதற்கென்றே 'குதிரை மறம்' என்னும் துறையைப் புறத்திணை வகுத்துள்ளது. காதலில் தோற்ற தலைவன் பனைமடலால் செய்த குதிரையில் ஏறி ஊர்த்தெருவில் வருவதை 'மடலேறுதல்' என்கிறது அகத்திணை. உயிருள்ள குதிரை கிடைக்காத எளியவனும் மடலில் ஒரு குதிரையைக் கற்பித்துக்கொண்டான். ஊர் எல்லையில் அய்யனாருக்குச் சுடுமண் குதிரை செய்து நிறுத்தும் வழக்கம் இன்றும் தொடர்கிறது.

பேச்சு வழக்கிலும் குதிரை ஓய்வதில்லை. கிடைத்தற்கரிய பொருள் 'குதிரைக்கொம்பு' எனப்படுகிறது. நம்பத்தகாததை நம்பி இறங்குவோரை 'மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கலாமா' என்று முதியோர் எச்சரிக்கின்றனர். மனத்தை அடக்குவது 'கடிவாளமிடுதல்' ஆகிறது. இத்தொடர்களைப் பயன்படுத்தும் இன்றைய மாணவர் பலர் குதிரையின் வாயில் கடிவாளம் பூட்டப்படுவதை நேரில் கண்டதில்லை. சொல் எஞ்சியிருக்கிறது, சொல்லுக்குரிய பொருள் கண்ணைவிட்டு மறைந்துவருகிறது. கொம்பு மட்டுமன்று, குதிரையே அரிதாகும் காலம் நெருங்குகிறது.

கடல் கடந்து வந்த செல்வம்

குதிரை தமிழ்நிலத்துக்கு எளிதில் கிடைத்த விலங்கன்று. காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல்வழியே வந்திறங்கிய பொருள்களுள் குதிரையையும் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் குதிரைச் செட்டிகள் என்னும் வணிகர் இடம்பெறுகின்றனர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரேபியத் துறைமுகங்களிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் இங்கு இறக்குமதியானதையும், அவற்றுள் மிகச் சிலவே ஆண்டு முடிவில் உயிரோடிருந்ததையும் எழுதியுள்ளார். அதற்கு அவர் கூறும் காரணம் சிந்திக்கத்தக்கது. குதிரையைப் பேணும் முறையை இங்குள்ளோர் அறிந்திருக்கவில்லை. குதிரை மருத்துவம் அறிந்தோர் இங்கு வராதபடி, விற்பனை குறையக்கூடாது என்று கருதிய வணிகர்கள் பார்த்துக்கொண்டனர்.

பொருளை விலைக்கு வாங்கலாம். அதைப் பேணும் அறிவை அவ்வாறு வாங்க இயலாது என்பதை அந்நிகழ்வு காட்டுகிறது. அவ்வறிவு பின்னர் பல தலைமுறைகளின் உழைப்பால் தமிழ்நாட்டில் வேரூன்றியது. வேலூர்க் கோட்டையினுள் உள்ள சலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபத் தூண்களில், முன்னங்கால்களைத் தூக்கிப் பாயும் குதிரைகளும் அவற்றின் மேல் வீரர்களும் செதுக்கப்பட்டுள்ளனர். கடிவாளத்தின் வாரையும் சேணத்தின் அமைப்பையும் கல்லில் காட்டிய சிற்பி, குதிரையை அருகிலிருந்து கண்டவனாகவே இருத்தல் வேண்டும்.

வட ஆர்க்காட்டுப் பகுதியின் வரலாறே குதிரைக் குளம்பொலியோடு கலந்தது. 1749 ஆம் ஆண்டு ஆம்பூரில் நடைபெற்ற போரில் ஆர்க்காட்டு நவாபு அன்வருதீன்கான் உயிரிழந்தார். 1806 சூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் இந்தியச் சிப்பாய்கள் ஆங்கிலேயரை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தபோது, செய்தி ஆர்க்காட்டை எட்டியது. அங்கிருந்த ஆங்கிலேயக் குதிரைப்படை, கில்லஸ்பி தலைமையில் விரைந்து வந்து அன்றே கோட்டையைக் கைப்பற்றியது. அந்தப் பாதையில் குதிரைகள் அவ்வளவு விரைவாக வந்திராவிடின் அக்கிளர்ச்சியின் போக்கு வேறாகியிருக்கக்கூடும். படைக்குரிய குதிரைகளை வளர்ப்பதற்கென 1824 இல் ஓசூருக்கு அருகே மத்திகிரியில் ஒரு பண்ணை நிறுவப்பட்டது. அது இன்று அரசின் கால்நடைப் பண்ணையாக விளங்குகிறது. அரசர்க்கும் படைக்கும் உரியதாயிருந்த குதிரை, காலப்போக்கில் எளிய மக்களின் வாழ்வுக்குள் வண்டி இழுத்து நுழைந்தது.

ஜட்காவும் அதைச் சூழ்ந்த வாழ்வும்

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் தமிழ்நாட்டு நகரங்களின் தொடர்வண்டி நிலையங்களுக்கு வெளியே ஜட்கா வண்டிகள் காத்துநின்றன. இரண்டு சக்கரங்கள், வளைந்த கூடு, உள்ளே பரப்பிய வைக்கோல், அதன்மேல் ஒரு விரிப்பு, இவ்வளவே வண்டி. பின்புறமாக ஏறிய பயணிகளை முன்னே நகர்ந்து அமரும்படி வண்டிக்காரர் கேட்டுக்கொள்வார். பின்பாரம் மிகுந்தால் வண்டி அண்ணாந்துவிடும். முன்பாரம் மிகுந்தால் குதிரையின் முதுகு வருந்தும். பாரத்தைச் சமன் செய்வது அவர் கற்ற முதல் பாடம்.

அவர் ஒருவரின் பிழைப்பு பலரின் பிழைப்போடு பிணைந்திருந்தது. கொள்ளும் புல்லும் விற்போர், லாடம் அடிப்போர், சக்கரம் செய்யும் தச்சர், இரும்புப்பட்டை பூட்டும் கொல்லர், வாரும் சேணமும் தைப்போர் என ஒரு சிறு பொருளாதாரமே குதிரையைச் சுற்றி இயங்கியது. குதிரையின் குளம்பு நகத்தைப் போல் ஓயாமல் வளர்வது. ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை அதைச் சீவி லாடத்தை மாற்றியாக வேண்டும். ஆணி சற்றே உள்ளிறங்கினாலும் குதிரை நொண்டும். ஆதலால், லாடம் அடிப்பவரின் கைத்திறன் குதிரையின் வாழ்நாளையே தீர்மானித்தது.

தானி வந்தது, பேருந்து பெருகியது, ஜட்கா மறைந்தது. அதற்காக வருந்த வேண்டியதில்லை. கொளுத்தும் வெயிலில், அளவுக்கு மீறிய பாரத்தை, தார்ச்சாலையில் இழுத்த குதிரைகள் பட்ட துன்பம் சிறிதன்று. வருந்தத்தக்கது வேறொன்று. வண்டி மறைந்தபோது வண்டிக்காரரின் அறிவுக்கு ஊரில் வேறு பயன் கண்டறியப்படவில்லை. 1973 இல் தமிழ்நாடு அரசு கை ரிக்சாவை ஒழித்தபோது, அதை இழுத்தோர்க்கு மிதிவண்டி ரிக்சாக்கள் வழங்கப்பட்டன. மும்பையில் சுற்றுலாக் குதிரை வண்டிகளைச் சட்டத்துக்குப் புறம்பானவை என 2015 இல் தீர்ப்பளித்த உயர்நீதிமன்றம், அவற்றை நம்பி வாழ்ந்தோரின் மறுவாழ்வுக்குத் திட்டம் வகுக்குமாறும் கூறியது. ஒரு தொழிலை முடிவுக்குக் கொண்டுவரும்போது தொழிலாளிக்கு வழிகாட்டுவதும் கடமை என்பதை இவ்விரண்டும் உணர்த்துகின்றன. சிற்றூர்களின் ஜட்காக்காரர்களோ ஆணையோ அறிவிப்போ இன்றி, ஒருவர் பின் ஒருவராகத் தொழிலை விட்டு நீங்கினர்.

விளைவை எண்கள் காட்டுகின்றன. 2012 இல் இந்தியாவில் ஏறத்தாழ 6.25 இலட்சமாக இருந்த குதிரைகள், மட்டக்குதிரைகளின் எண்ணிக்கை 2019 இன் கால்நடைக் கணக்கெடுப்பில் 3.4 இலட்சமாகக் குறைந்தது. ஏழே ஆண்டுகளில் ஏறத்தாழ 45 விழுக்காட்டு வீழ்ச்சி. கழுதைகளின் வீழ்ச்சி 61 விழுக்காட்டைத் தாண்டியது.

தெரியுமா?

குதிரையின் இரைப்பை அதன் உடலளவை நோக்கச் சிறியது. எனவே, அது ஒரே வேளையில் நிறைய உண்ணாமல், நாள் முழுவதும் சிறிது சிறிதாக மேய வேண்டும். குதிரையால் வாந்தி எடுக்க இயலாது. ஆதலால், கெட்டுப்போன தீவனமும் திடீர்த் தீவன மாற்றமும் அதன் உயிருக்கே இடராகலாம். நன்கு பேணப்படும் குதிரை 25 முதல் 30 ஆண்டுகள் வரை வாழும்.

மறுப்புகளும் விடைகளும்

குதிரையைக் காக்க வேண்டும் என்னும் கருத்துக்கு எதிராக மூன்று மறுப்புகள் வலுவாக எழுகின்றன.

விலங்கைப் பணிகொள்வதே கொடுமை என்பது முதலாவது. இதனைப் புறந்தள்ள இயலாது. கொடுமையைத் தடுக்கச் சட்டம் உண்டு. விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960 இல் இயற்றப்பட்டது. அதன்கீழ் 1965 இல் வகுக்கப்பட்ட விதிகள், பாரம் இழுக்கும் விலங்கை நாளொன்றுக்கு 9 மணி நேரத்துக்கு மேலும், இடையில் ஓய்வின்றித் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக்கூடாது என்கின்றன. வெப்பம் 37 பாகை செல்சியசைத் தாண்டும் இடங்களில் நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை வேலை வாங்குதலும் கூடாது. கோடையில் 40 பாகையைக் கடக்கும் வேலூர்ப் பகுதிக்கு இவ்விதி பெரிதும் பொருந்தும். இவ்விதிகளை உண்மையாகக் கடைப்பிடித்தால் குதிரை துன்புறாது. மேலும், பணியிலிருந்து நீக்கி வெளியே விட்டுவிடுவது விடுதலை ஆகாது. உதகையில் பணியில்லாத வேளையில் தெருவில் விடப்பட்ட குதிரைகள் குப்பையில் இரைதேடுவதும், ஊர்திகளில் அடிபடுவதும் நகரின் நெடுநாள் சிக்கல்கள். மனிதரோடு பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்த விலங்குக்கு, பொறுப்புள்ள மனிதரின் துணையே பாதுகாப்பு.

குதிரை செல்வர்களின் விளையாட்டுப் பொருள் என்பது இரண்டாம் மறுப்பு. பந்தயத் திடல்களை நோக்கினால் இதில் உண்மை உண்டு. சென்னை கிண்டியில் குதிரைப் பந்தயத்துக்குக் குத்தகைக்கு விடப்பட்டிருந்த ஏறத்தாழ 160 ஏக்கர் நிலத்தின் குத்தகையை 2024 இல் அரசு இரத்து செய்து, நிலத்தைத் தன் பொறுப்பில் எடுத்தது. பொதுநிலம் சிலரின் பந்தயத்துக்குப் பயன்படுவதைக் கேள்விக்குட்படுத்துவது முறையே. ஆனால், குதிரையின் உலகம் பந்தயத் திடலோடு முடிந்துவிடவில்லை. கொடைக்கானல் மலைச்சரிவிலுள்ள வெள்ளகவிக்கு நெடுங்காலம் சாலையே இல்லை. அரிசியும் பிற பொருள்களும் குதிரையின் முதுகிலேயே சென்றன. தேர்தல் வேளையில் தேனி, திண்டுக்கல் மாவட்ட மலையூர்களுக்கு வாக்குப்பதிவுக் கருவிகளைக் குதிரைகள் சுமந்ததுண்டு. சென்னைக் கடற்கரையில் குதிரைப்படைக் காவலர் இன்றும் சுற்றிவருகின்றனர். ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தையில் மாடுகளோடு குதிரைகளும் விற்பனைக்கு வருகின்றன. அங்கு வருவோருள் உழவரும் வண்டிக்காரரும் உண்டு.

சாலையில் குதிரை வருவது விபத்துக்கு வழிவகுக்கும் என்பது மூன்றாம் மறுப்பு. இது முற்றிலும் சரி. சரக்குந்தின் ஒலிப்பான் கேட்டு வெருளும் விலங்கு அது. கடினமான தார்ச்சாலையில் இடைவிடாது ஓடினால் அதன் மூட்டுகள் கெடும். ஆகவே, குதிரைக்கு வேண்டியது நெடுஞ்சாலையில் ஒரு பங்கன்று. நெடுஞ்சாலையிலிருந்து விலகிய மண்பாதை. சிக்கலின் மையம் இங்கேதான் உள்ளது.

பாதை என்னும் பொதுச்செல்வம்

தமிழ்நாட்டு ஊர்களில் மண்பாதைகளுக்குப் பஞ்சமில்லை. நில அளவை ஆவணங்களில் 'வண்டிப்பாதை', 'மேய்க்கால்', 'மந்தைவெளி', 'களம்' எனப் பல பெயர்களில் புறம்போக்கு நிலங்கள் பதிவாகியுள்ளன. ஏரிக்கரையை ஒட்டிச் செல்லும் பாதை, வயலுக்கு எரு கொண்டுசெல்லும் பாதை, ஆடுமாடுகளை மலையடிவாரத்துக்கு ஓட்டிச்செல்லும் பாதை என ஒவ்வொன்றும் ஒரு தேவையால் பிறந்தது. பழைய தோல் தொழிலுக்கும் இப்பாதைகள் உதவின. குரோமிய உப்புகள் வழக்குக்கு வரும் முன்னர், ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டே இங்குத் தோல் பதனிடப்பட்டது. தரிசிலும் பாதையோரத்திலும் வளரும் ஆவாரையும், சவ்வாது மலையின் கடுக்காயும் அத்தொழிலுக்குரிய மூலப்பொருள்களாயின.

பாதை நடந்தால்தான் பாதை. ஆள் நடமாட்டம் குறைந்ததும் முள் முளைக்கிறது. அடுத்து வேலி முளைக்கிறது. பிறகு சுவர் எழுகிறது. பத்தாண்டு கழித்து அங்குப் பாதை இருந்ததென்று சொல்ல முதியோர் ஒருவரிருவரே எஞ்சுவர். அரசு நிலத்தின் ஆக்கிரமிப்பை அகற்ற 1905 ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணத்தில் சட்டம் இயற்றப்பட்டது. இன்றும் அது நடைமுறையில் உள்ளது. ஊர்ப்பொது நிலங்களிலிருந்து ஆக்கிரமிப்பாளர்களை அகற்றி, அவற்றை ஊராட்சியின் பொதுப்பயனுக்கு மீட்டளிக்கத் திட்டம் வகுக்குமாறு 2011 இல் உச்சநீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. சட்டம் துணைநிற்கிறது. ஆனால், பயன்படுத்துவோர் இல்லாத பாதைக்காக எவரும் வழக்காட முன்வருவதில்லை. குதிரையோ மாடோ ஆடோ நாள்தோறும் நடக்கும் பாதையை அவ்வளவு எளிதில் எவரும் அடைத்துவிட இயலாது. விலங்குக்குப் பாதை வேண்டும் என்பது போலவே, பாதை நிலைப்பதற்கும் விலங்கின் காலடி வேண்டும்.

இங்கிலாந்து நாட்டின் பட்டறிவு இங்கு ஒப்புநோக்கத்தக்கது. 1949 இல் அந்நாடு இயற்றிய சட்டத்தின்படி, மக்கள் வழிவழியாக நடந்துவந்த பாதைகளையும் குதிரைப் பாதைகளையும் அளந்து வரைபடத்தில் பதிவது உள்ளாட்சிகளின் கடமையாயிற்று. அவ்வரைபடத்தில் இடம்பெற்ற பாதையைத் தனியார் நிலத்தின் உரிமையாளரும் அடைக்க இயலாது. குதிரைப் பாதையில் நடப்போரும் செல்லலாம். 1968 முதல் மிதிவண்டியில் செல்வோர்க்கும் அவ்வுரிமை கிடைத்தது. குதிரைக்கெனக் காக்கப்பட்ட பாதை மூவர்க்குப் பயன்பட்டது. வரைபடத்தில் ஒரு கோடு இருந்தமையால், ஊர்கள் நகரங்களான பின்னரும் பாதைகள் பிழைத்தன.

வேலூர்ப் பகுதிக்கு இப்பாடம் புதிதன்று. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றிலும் வயல்களிலும் கலந்து நிலத்தடி நீர் கெட்டதை எதிர்த்து, வேலூர் மக்கள் நல மன்றம் உச்சநீதிமன்றத்தை நாடியது. 1996 இல் வெளியான அத்தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் கொள்கையையும், கேடு வருமுன் காக்கும் கொள்கையையும் இந்தியச் சட்டத்தின் பகுதிகளென அறிவித்தது. தொழில் வேண்டும், அதே வேளையில் தொழிலின் விலையை ஆறும் உழவரும் மட்டுமே சுமக்கலாகாது என்பது அதன் சாரம். பாதைக்கும் இது பொருந்தும். சாலையும் மனையும் ஆலையும் வேண்டும்; அவற்றின் விலையாக ஊரின் பொதுவழி முழுவதையும் கொடுத்துவிடலாகாது. கெட்ட நீரை மீட்பது எவ்வளவு கடினமோ, கட்டடம் எழுந்துவிட்ட பாதையை மீட்பதும் அவ்வளவு கடினம்.

மாறும் ஊரில் செய்யத்தக்கவை

முதற்பணி, இருப்பதைக் கண்டறிதல். ஒவ்வோர் ஊரின் 'அ' பதிவேட்டிலும் புலப்படத்திலும் வண்டிப்பாதைகள் குறிக்கப்பட்டுள்ளன. அவற்றை இணையத்திலும் பார்வையிடலாம். அப்பாதைகளை நேரில் நடந்து பார்த்து, திறந்திருப்பவை எவை, அடைபட்டவை எவை எனப் பட்டியலிட்டு, கிராமசபையில் தீர்மானமாக நிறைவேற்றலாம். ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராமசபை இதற்குத் தக்க களம்.

இரண்டாவது, விடுபட்ட இடங்களை இணைத்தல். ஏரிக்கரையும் வண்டிப்பாதையும் காட்டின் விளிம்பும் சேர்ந்தால் நீண்ட மண்பாதை உருவாகும். சாலை அகலப்படுத்தப்படும் இடங்களில் ஓரமாகத் தார் இடாத மண்பட்டை ஒன்றை விட்டுவைத்தால், அது நடப்போர்க்கும் ஆடுமாடுகளுக்கும் குதிரைக்கும் பயன்படும். மழைநீரும் மண்ணில் இறங்கும். இதற்குப் பெருந்தொகை வேண்டியதில்லை. திட்டம் தீட்டும் வேளையில் நினைவில் கொள்வதே வேண்டும். காட்டினுள் செல்லும் பாதைக்கு மட்டும் வனத்துறையின் ஒப்புதலும் கட்டுப்பாடும் இன்றியமையாதவை. காட்டுயிர்களின் அமைதி குதிரைச் சவாரியைவிட மேலானது.

மூன்றாவது, நீரும் நிழலும். குதிரைக்கு நாளொன்றுக்கு 25 முதல் 45 லிட்டர் வரை நீர் வேண்டும். வெயில் காலத்தில் அதற்கு மேலும் வேண்டும். முப்பத்திரண்டு அறங்களுள் தண்ணீர்ப்பந்தல் வைத்தலையும், மாடுகள் உடலை உரசித் தினவு தீர்த்துக்கொள்ள ஆவுரிஞ்சுகல் நடுதலையும் சேர்த்து எண்ணியது தமிழ் மரபு. வழியில் செல்லும் விலங்கின் தேவையையும் அறமாகக் கருதிய அச்சமூகத்தின் வழிவந்தோர்க்கு, பாதையோரத்தில் ஒரு நீர்த்தொட்டி கட்டுவது புதிய செய்தியன்று.

நான்காவது, பேணுவோர்க்குப் பிழைப்பு. குதிரை வைத்திருப்பவரின் வருவாய் திருமண ஊர்வலத்தையும் திருவிழாவையும் மட்டுமே நம்பியிருந்தால், மற்ற நாள்களில் குதிரை பட்டினி கிடக்கும். சவாரிப் பயிற்சி, மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளுக்குக் குதிரையின் துணையோடு அளிக்கப்படும் உடற்பயிற்சி, ஏரியையும் கோட்டையையும் காண வருவோர்க்கு வழித்துணை எனப் பல வாய்ப்புகள் உள்ளன. கால்நடை மருத்துவர்கள் சிற்றூர்களில் முகாம் நடத்தும்போது குதிரைகளையும் சேர்த்துக்கொள்ளலாம். லாடம் அடிக்கும் கலையை இளையோர்க்குக் கற்றுக்கொடுக்கலாம். மார்க்கோ போலோ கண்ட குறை, பேணும் அறிவின் இன்மை. எழுநூறு ஆண்டுகளில் சேர்த்த அவ்வறிவை ஒரு தலைமுறையில் இழந்துவிடுவது அறிவுடைமை ஆகாது.

விலங்கை மக்கள் விரும்பி வளர்த்தால் ஊரே அதற்கு இடம் தரும் என்பதற்கு இப்பகுதியிலேயே சான்று உண்டு. பொங்கலை ஒட்டி வேலூர் வட்டாரச் சிற்றூர்களில் எருது விடும் விழா நடைபெறுகிறது. அன்று தெருவின் இருபுறமும் தடுப்பு கட்டி, காளை ஓடுவதற்கு ஊரே வழிவிடுகிறது. பாதுகாப்பு விதிகள் குறித்து ஆண்டுதோறும் விவாதம் எழுந்தாலும், காளையை வளர்ப்போர் குறையவில்லை. ஒருநாள் காளைக்கு வழிவிடும் ஊருக்கு, ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் ஒரு மண்பாதையை விட்டுவைக்க முடியாதா?

வழி யாருக்கு?

கணியம்பாடி போன்ற ஊர்கள் இன்னும் முழு நகரங்களாகிவிடவில்லை. அங்கு ஏரிக்கரைகள் எஞ்சியுள்ளன. வண்டிப்பாதைகள் ஆவணங்களில் உயிரோடுள்ளன. நகராகிவிட்ட இடங்களில் ஒரு முழம் பாதையை மீட்கப் பல கோடி ரூபாயும் பல ஆண்டு வழக்கும் வேண்டும். இங்கு ஒரு தீர்மானமும் சில எல்லைக்கற்களும் போதும். அந்த வாய்ப்பு நெடுநாள் காத்திராது. அடுத்த மனைப்பிரிவு, அடுத்த சாலை விரிவு, அடுத்த சுற்றுச்சுவர் என ஒவ்வொன்றும் அதைச் சுருக்கிக்கொண்டே வருகிறது.

குதிரை எல்லார் வீட்டிலும் வளரப்போவதில்லை; வளர வேண்டியதும் இல்லை. ஆனால், குதிரை நடக்கத்தக்க பாதை உள்ள ஊரில் பள்ளிச் சிறுவர் அச்சமின்றி நடப்பர். மூதாட்டி தன் ஆட்டை ஓட்டிச்செல்வார். மிதிவண்டியில் செல்லும் தொழிலாளி உயிர்ப்பயமின்றி வீடு திரும்புவார். ஊரின் வளர்ச்சியை அளக்கச் சாலையின் அகலம் மட்டும் போதாது. அவ்வூரில் மெல்லச் செல்வோர்க்கு எத்தனை வழிகள் திறந்துள்ளன என்பதையும் கணக்கிட வேண்டும். இன்றைய மாணவரே நாளைய ஊராட்சி உறுப்பினர், பொறியாளர், நில அளவையர். வரைபடத்தின்மீது அவர்கள் இழுக்கும் கோடு ஒரு பாதையை வாழவைக்கலாம், அழிக்கவும் செய்யலாம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் முன்பு வண்டிப்பாதையாக இருந்து இன்று மறைந்துபோன வழிகள் குறித்து முதியோரிடம் கேட்டறிந்து, அவற்றைக் காட்டும் வரைபடம் ஒன்றை உருவாக்குக.

2. குதிரை, லாடம், சேணம், கடிவாளம் ஆகியவற்றோடு தொடர்புடைய பழமொழிகளையும் மரபுத்தொடர்களையும் தொகுத்து, அவை வழங்கும் சூழலை எழுதுக.

3. 'நெடுஞ்சாலை விரிவாக்கத்தில் நடப்போர்க்கும் கால்நடைகளுக்கும் தனிப்பாதை வேண்டும்' என்னும் தலைப்பில் கிராமசபைக்கு அளிப்பதற்குரிய கோரிக்கை மடல் ஒன்றை வரைக.